ஆமையா, முயலா?

புதன்கிழமை, காலை எட்டரை மணி. கலோயனின் கணினித் திரை கறுப்பாகவே இருந்தது. பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றியது; படம் வரவில்லை. பொறுமை இழந்த ராலித்சா கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தாள். படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"யாரோ உருவிட்டுப் போயிருக்காங்க" என்றாள். "இன்னிக்குப் பார்த்துதானா!"

ராலித்சா மின்செவா அந்தச் சிறிய கட்டடக்கலை அலுவலகத்தின் தலைவி. பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில், பழைய புகையிலைக் கிடங்குகளுக்குப் பின்தெருவில், இரண்டு அறைகள். கலோயன் அவளுடைய கூட்டாளி, கட்டடங்களை வடிவமைப்பவன். தெசிஸ்லாவா, சுருக்கமாகத் தெசி, படம் போடுபவள். இன்னும் எழும்பாத கட்டடத்தை, கட்டி முடித்தாற்போல வண்ணப்படமாகக் காட்டுவது அவள் வேலை.

அந்தப் படத்துக்கு எந்த மென்பொருளை வாங்குவது என்று மூன்று மாதமாக அங்கே சண்டை. தெசி பழகிய பழைய மென்பொருள் ஒரு படத்துக்கு ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும். அதற்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ஆமை. கலோயன் கொண்டுவந்த புதியது, சுட்டியை அசைத்த மாத்திரத்தில் படத்தைக் காட்டும். அது முயல். முயல் ஓட அந்தக் கார்டு வேண்டும், ஆமைக்கு வேண்டாம். இரண்டையும் வாங்க வசதியில்லை.

இன்று முடிவு நாள். பதினோரு மணிக்கு மழலையர் பள்ளித் தலைமையாசிரியை யாங்கா வருகிறார். அவருடைய புதிய பள்ளிக் கட்டடத்தை முயலில் அவர் கண்ணெதிரே ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் ஸ்வெத்லா கொலேவா, பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைப் பாதி தின்றபடி படியேறி வந்தாள். கட்டடப் படங்கள் என்றாலே அவளுக்கு ஆகாது. விளம்பரப் படத்தில் வெயில் தகதகத்த கூடத்தை நம்பி அடுக்குமாடியில் வீடு வாங்கியவள் அவள். குடிபோன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கூடத்துக்குள் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது என்று. சுவரில் பூஞ்சை பிடித்ததுதான் மிச்சம்.

கதவுப் பூட்டு உடையவில்லை. சாவி மூவரிடமும் இருந்தது. வேறு எதுவும் களவு போகவில்லை.

"கார்டை யார் எடுத்திருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?"

"இதுல நினைக்க என்ன இருக்கு மேடம்?" என்றான் கலோயன். "முயல் வந்துட்டா தெசிக்கு வேலை இல்ல. யார் வேணா பொத்தானை அமுக்கிப் படம் போடலாம். ஊரையும் தேதியையும் மணியையும் குடுத்தா போதும், சூரியனைக்கூட அதுவே சரியான இடத்துல வச்சுடும். அவளோட ஆமையைப் பாருங்க, எல்லாத்தையும் இருட்டாத்தான் காட்டும்!"

தெசியின் முகம் சிவந்துவிட்டது. "இருட்டைக் காட்டுறது ஆமை இல்ல. உங்க கட்டடம். எத்தனை தடவை சொல்லிட்டேன்!"

"பார்த்தீங்களா? இதே புலம்பல்தான்."

"திருட்டைப் பத்திக் கேட்டேன்" என்றாள் ஸ்வெத்லா. "நேத்து கடைசியா யார் போனது?"

"நான்தான்" என்றாள் தெசி. "ஆமைக்கு வேலை குடுத்துட்டுப் போனேன். ஆனா ஒண்ணு மேடம், முயல்ல நிழல் கொஞ்சம்…"

"போதும்மா! யாரைக் கேட்டாலும் ஆமை, முயல்! நான் போலீசா, மிருகக்காட்சிசாலைக் காவலாளியா?"

அலமாரியில் கார்டு வந்த பெட்டி இருந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

"இதுக்குள்ள வேற ஏதாவது வந்துச்சா?"

"வெள்ளிக் கலர்ல ஒரு உறை" என்றாள் ராலித்சா. "கார்டை வெளியே எடுத்தா அதுக்குள்ளதான் வைக்கணும். இல்லேன்னா கெட்டுப்போகும்."

ஸ்வெத்லா சுவர்ப் பக்கம் திரும்பினாள். பள்ளியின் இரண்டு படங்கள் அருகருகே தொங்கின. கீழே 'மார்ச், நண்பகல்' என்று எழுதியிருந்தது. தெசியின் ஆமைப் படத்தில் தெருவைப் பார்த்த வகுப்பறை ஜன்னல்கள் மங்கிக் கிடந்தன. கலோயனின் முயல் படத்தில் அதே ஜன்னல்கள் வெயிலில் பொன்னாக ஜொலித்தன. பக்கத்தில் மனையின் வரைபடம். அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை படங்களைப் பார்த்தாள். வாய்க்குள் ஏதோ திட்டினாள்.

"மூணு பேரும் உட்காருங்க."

உட்கார்ந்தார்கள்.

"கோபத்துல பிடுங்குறவங்க கார்டை உடைச்சுப் போடுவாங்க. விற்கிறவன் பெட்டியோட தூக்கிட்டுப் போவான். இவன் உறையை மட்டும் தேடி எடுத்து, பத்திரமா வச்சிருக்கான். அப்போ கார்டு இவனுக்கு மறுபடி வேணும். இன்னொண்ணு. முயலை ஒழிக்க வந்தவன் முயல் போட்ட படத்தை ஏன் சுவர்ல விட்டுட்டுப் போகணும்? படம் இருக்கணும், ஆனா இன்னிக்கு மட்டும் முயல் ஓடக்கூடாது. இதுல யாருக்கு லாபம்?"

அவள் கலோயன் பக்கம் திரும்பினாள்.

"கலோயன், தெரு உங்க மனைக்கு எந்தப் பக்கம்?"

"வடக்கு…" என்றவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"வடக்கு. வகுப்பறை ஜன்னலெல்லாம் வடக்கைப் பார்த்து இருக்கு. மார்ச் மாசம் நண்பகல்ல சூரியன் தெற்கால இல்ல நிக்கும்? உங்க படத்துல எதிர்ப்பக்கமா வந்து ஜன்னலுக்குள்ள எப்படிய்யா நுழைஞ்சுது? சூரியனைச் சரியான இடத்துல வைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க. அப்போ அந்தப் படத்தை முயல் போடவே இல்ல. கண்ணெதிர ஓட்டினா உண்மை தெரிஞ்சுடும். கார்டை எடுத்தது நீங்கதான்."

ராலித்சா கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முயலும் இருட்டாத்தான் காட்டுச்சு" என்றான் கடைசியில். "ஆமை காட்டின அதே இருட்டு. சோஃபியா நகரத்துல ஒரு சிநேகிதன்கிட்ட வெயிலை வரைஞ்சு வாங்கினேன். அம்மையார் நேர்ல பார்க்கணும்னு கேட்பாங்கன்னு நினைக்கல. கார்டு கார்ல இருக்கு. அவங்க போனதும் திருப்பி மாட்டிடலாம்னு…"

"மாட்டிட்டு? பழியை தெசி மேல போட்டிருப்பே!" ராலித்சா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "மூணு மாசம் கலோயன்! மென்பொருள் சரியில்ல, மென்பொருள் சரியில்லன்னு எங்க உயிரை வாங்கினியே. ரெண்டும் ஒரே விஷயத்தைத்தானே சொல்லியிருக்கு!"

ஸ்வெத்லா மிச்சப் பனித்சாவைக் காகிதத்தில் சுற்றினாள். "புகார் வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம். இது எங்க வீட்டுச் சண்டை."

கார்டு வந்தது. தெசியே மாட்டினாள். பதினோரு மணிக்கு யாங்கா அம்மையார் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். முயல் ஓடியது. படம் நன்றாகவே இருந்தது. நிழலில் கிடந்த வகுப்பறைகளும் அதில் அச்சு அசலாகத் தெரிந்தன.

"இதென்ன, பிள்ளைங்க காலையிலேருந்து விளக்கு போட்டுக்கிட்டா உட்காரணும்?"

"ஆமாம்" என்றான் கலோயன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவனுக்கு எத்தனை நேரம் பிடித்தது!

"வெயில் வர்ற பக்கம் திருப்ப முடியாதா, தம்பி?"

"முடியும். மொத்தத்தையும் முதல்லேருந்து வரையணும்."

"வரையுங்களேன். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கலியே. முன்னாடியே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?"

அவர் போன பிறகு ராலித்சா முயலை வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். அதை ஓட்டப்போகிறவள் தெசி என்று கலோயனிடம் ஒரே வரியில் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. முந்தின மாதம் முழுக்க வரைந்த காகிதங்களைச் சுருட்டி மூலையில் எறிந்தான். பிறகு தெசியின் மேசையருகே வந்து நின்றான். அவள் அதற்குள் கட்டடத்தைத் தெற்கே திருப்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

"தெசி, நான் செஞ்சது தப்பு. மன்னிச்சுடு."

அவள் தலை நிமிரவில்லை.

"கேட்டாச்சுல்ல? நகருங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."