இருநூற்றுப் பதினாலாம் சங்கிலி

ஓநாய் ஏரித் தங்கச் சுரங்கத்தின் உடை மாற்றும் கூடத்துக்குள் ஐலி நுழைந்தபோது காலை பத்து மணி. கையில் காப்பிக் குடுவை, துணியில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி. எல்லாம் காவல்காரன் உர்ஹோவுக்கு. சனிக்கிழமை அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம். திங்கட்கிழமை இந்தக் கூடத்தை இடிக்கப்போகிறார்கள்.

அது என்ன சுரங்கம், போங்கள்! 'இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம்' என்று முதலாளிமார் ஐயாயிரம் அடி தோண்ட வைத்தார்கள். தங்கம் மயிரிழையாக மெலிந்து, ஒருநாள் அதுவும் காணாமல் போயிற்று. கிடைத்ததெல்லாம் தண்ணீர்தான். ஏழு வருஷத்துக்கு முன் கடைசி ஆட்களை வடத்தில் தொங்கும் இரும்புக் கூண்டில் மேலே ஏற்றிவிட்டுப் பம்புகளை நிறுத்தினார்கள். சுரங்கம் கழுத்துவரை நிரம்பிவிட்டது.

அன்றைக்குத்தான் அவள் புருஷன் வெய்க்கோவும் காணாமல் போனான். கீழே மாட்டிக்கொண்டானோ என்று அவள் அலறியபோது வாசல் பலகையைக் காட்டினார்கள். இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையை 'கீழே' பக்கம் மாட்டவேண்டும். ஏறி வந்ததும் தன் கையாலேயே 'மேலே' பக்கம் மாற்றவேண்டும். அடுத்தவன் வில்லையைத் தொடுவது அங்கே மகாபாவம். வெய்க்கோவின் 214 'மேலே' பக்கம் தொங்கியது.

"சாயங்கால ரயில்ல எவளோடயோ போனான். என் கண்ணால பாத்தேன்" என்று சொன்னவன், அவனோடு ஜோடியாக வேலை பார்த்த இதே உர்ஹோ. ஊர் அவளை 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்றது. ஏழு வருஷமும் வெய்க்கோவை அவள் சபிக்காத நாளில்லை.

கூடத்தில் ஆள் அரவம் இல்லை. கூரைக் கண்ணாடியைப் பனி மூடி, வெளிச்சம் சாம்பலாக இறங்கியது. ஈரப்பாறையும் வெடிமருந்தும் கலந்த பழைய வாடை. குழிக்குள் இறங்குகிறவன் தன் வெளியுடையைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியால் கூரைக்கு இழுத்துப் பூட்டிவிட்டுப் போவான். ஏறி வந்தால் அதை இறக்கிப் போட்டுக்கொண்டு, நனைந்த குழியுடையை அங்கே மாட்டுவான். இப்போது எல்லாச் சங்கிலிகளும் வெறுமையாக இருந்தன.

ஒன்றைத் தவிர.

நீலக் கம்பளிச் சட்டை. கழுத்தில் சிவப்பு நூல். அவள் பின்னியது.

அதன் அடியில் வெட்டிப்போட்ட பூட்டுகள் குவிந்து கிடந்தன. ஐம்பதோ நூறோ. எல்லாவற்றிலும் 214.

"மேல பாக்காத, ஐலி." பின்னால் உர்ஹோவின் குரல்.

"அது அவன் சட்டைடா. இந்தப் பனியில சட்டையில்லாம எப்படி ரயிலேறினான்?"

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "கல்யாணம் பேசின நாள்லேர்ந்து தினம் பூட்டை வெட்டறேன். சட்டையை எரிக்கறேன். விடிஞ்சா புதுப் பூட்டு, அதே சட்டை."

"வில்லைய மாத்துனது யாரு?"

உர்ஹோ பூட்டுக் குவியலைக் காலால் ஒதுக்கினான்.

"கேக்கறேன்ல? யாரு?"

"துளைக்கருவி ஒண்ணு விட்டுப்போச்சு, எடுத்துட்டு வாடான்னு அனுப்பினேன். கூண்டுல காத்திருக்கேன்னேன். சரின்னு சிரிச்சுக்கிட்டேதான் போனான்."

"நீ காத்திருக்கல."

"நீ எனக்கு வேணும்னு இருந்துச்சு, ஐலி."

குடுவை கை நழுவி உடைந்தது.

"அடப்பாவி! கூடவே இருந்து கழுத்தறுத்தியே. அவன மட்டுமா? நல்லவன சபிக்க வச்சு என் வாயையும் அழுக்காக்கிட்டியே!"

அப்போது மணி அடித்தது.

கூண்டு மணி. ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்று அடித்தால் ஆள் ஏறி வருகிறான் என்று அர்த்தம். கூண்டையும் வடத்தையும் கழற்றி விற்று ஆறு வருஷமாகிறது.

"போகாத, ஐலி. என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத."

"காத்திரு. இந்தத் தடவையாவது காத்திரு" என்றாள். வாசலுக்கு வந்தாள். 214ஐ எடுத்து அது இருக்கவேண்டிய 'கீழே' பக்கம் மாட்டினாள். 'மேலே' பக்கத்தில் உர்ஹோவின் 215. அதையும் எடுத்தாள்.

கீழே மாட்டினாள்.

மூன்று மணிக்குப் போலீஸ்காரரை அழைத்துக்கொண்டு திரும்பினாள். உர்ஹோ இல்லை. பனியில் அவன் வெளியேறிய தடமும் இல்லை. 215ஆம் சங்கிலியில் அவனுடைய கோட்டும் தொப்பியும் பூட்ஸும் கூரையோரம் தொங்கின. புதுப் பூட்டு போட்டிருந்தது.

214இல் நீலச் சட்டையைக் காணோம். அங்கே குழியுடை சேறும் நீருமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் சங்கிலியை இறக்கித் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"சூடா இருக்கே. இப்பத்தான் யாரோ கழட்டின மாதிரி."

ஐலி பலகையைப் பார்த்தாள். 215 அவள் மாட்டிய இடத்திலேயே இருந்தது. 214 'மேலே' பக்கம் தொங்கியது, அதன்மேல் ஈரச்சேற்றில் ஒரு கட்டைவிரல் ரேகை.

வீட்டுக்கு ஓடினாள். வாசல் பனியில் ஓர் ஆணின் காலடிகள் கதவுவரை போயிருந்தன.

திரும்பி வந்த தடம் இல்லை.