கட்டிலின் பகல் பாதி

அந்த அறைக்கு வாடகை பாதிதான். ஏனென்றால் கட்டிலும் பாதிதான்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் கடற்கரை நெடுக விடுதிகள் முளைத்து, உல்லாசத்துக்கு வருகிறவர்கள் ஒரு வாரத் தங்கலுக்கே அள்ளிக் கொட்டுகிற ஊரில், பிழைக்க வந்தவர்களுக்கு முழுக் கட்டில் என்பது பேராசை. அங்கே ஓர் இளநீர் வாங்குகிற காசில் சொந்த ஊரில் ஒரு குடும்பமே ஒரு வேளை சாப்பிட்டு எழுந்துவிடும். தக்காளி கூடக் கப்பலில் வந்து இறங்குவதால், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். எனவே இரவில் வேலை பார்ப்பவர் பகலிலும், பகலில் வேலை பார்ப்பவர் இரவிலுமாக ஒரே கட்டிலை எடுத்துக்கொள்வார்கள். முகத்துக்கு முகம் பார்க்காமலே வருஷக்கணக்கில் ஒரே தலையணையில் தலை சாய்த்தவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர்.

தையற்காரி வந்து இறங்கிய அன்று சாயங்காலம், வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். உப்புக்காற்றில் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஒரு ஜன்னல். ஆளுக்கொன்றாக இரண்டு ஆணிகள், இரண்டு தட்டுகள். சுவரை ஒட்டி அந்தக் கட்டில். ஒரு விடுதியின் ரொட்டி அடுப்படியில் இராவேலை செய்கிற பெண் பகலில் படுப்பாள் என்றும், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஆறரை வரை இவளுடையது என்றும் ஏற்பாடு. லீவு நாளாக இருந்தாலும் பகலில் மேலே வரக்கூடாது.

"ராத்திரி பூரா அனல்ல நின்னுட்டு வர்ற பொம்பளை. நிம்மதியா தூங்கட்டும், என்னம்மா?" என்றாள் வீட்டுக்காரம்மா. அதைச் சொல்லும்போது அவள் அறைக்குள் கால் வைக்கவில்லை.

தையற்காரி மெத்தையில் உட்கார்ந்தாள். சுவரோரம் ஒரு பள்ளம் இருந்தது. அது வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் எழுந்து போயிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தலையணையில் புளித்த மாவு வாசனை.

அவளுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அவள் மனசு முழுக்க ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது. ஐந்து வயது மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பிள்ளையை அழைத்துக்கொள்ள வேண்டுமானால், ஒரு முழு அறை அவள் பெயரில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும் என்று குடியேற்ற அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். முழு அறையின் வாடகையோ, அவள் மாதமெல்லாம் விடுதியின் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைத்து வாங்குவதைவிடக் கூடுதல். ஊரில் குழந்தை வளர்ந்துகொண்டிருந்தது. பெற்றவளைப் போனில் மட்டுமே பார்த்துப் பழகி, ஒரு நாள் வாய் நிறைய "போன் அம்மா" என்று கூப்பிட்டது. அக்கா வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவளும் சிரித்துவிட்டு, போனை வைத்தபிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

எட்டு மாதம் ஓடிற்று. ரொட்டிக்காரியை அவள் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. போர்வையின் ஓரம் பிரிந்திருந்ததை இவள் தைத்து வைத்தாள். மறுநாளிலிருந்து படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளும் விறைப்பாகச் செருகப்பட்டிருந்தன. பதிலுக்குப் பதில் மரியாதை என்று சந்தோஷப்பட்டாள். சில நாள் தலையணை நனைந்திருக்கும். அடுப்படிச் சூட்டில் வேர்த்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஒரு நாள் தன் பக்கமும் அதேபோல நனைந்து கிடப்பதைப் பார்த்து, அது வேர்வை இல்லையென்று தெரிந்துகொண்டாள்.

ஒரு நாள் பகல் பதினொரு மணிக்குத் தையல் இயந்திரத்தின் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கிவிட்டது. மேற்பார்வையாளர் கட்டுப் போட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். காய்ச்சல் அடித்தது. கடற்கரையில் உட்காரலாம் என்றால் நிழலுக்கும் அங்கே வாடகை. வேறு வழியில்லாமல் படியேறி, தன் அறைக் கதவைத் தானே ஒரு விருந்தாளியைப் போலத் தட்டினாள்.

பதில் இல்லை. சாவி போட்டு மெதுவாகத் திறந்தாள்.

திரை இழுத்துவிட்டிருந்தது. அறை இருட்டாக, அடுப்படி போலச் சூடாக இருந்தது. கட்டிலில், சுவரைப் பார்த்தபடி, தலை வரை போர்வை மூடி ஒருத்தி படுத்திருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. பாவம், தூங்கட்டும் என்று தையற்காரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, கட்டில் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது ஆறுதலாக இருந்தது. அப்படியே கண் அசந்துவிட்டாள்.

விழித்தபோது தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். அப்போது காற்றில் திரை விலகி, வெயில் ஒரு கீற்றாகக் கட்டிலில் விழுந்தது. போர்வை சற்று நழுவி, அதற்கும் தலையணைக்கும் நடுவே இடைவெளி இருந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் தலையணை அமுங்கியிருந்தது.

தலை இல்லை.

போர்வை மட்டும் ஓர் உடம்பின் மேல் கிடப்பது போலக் கிடந்தது.

மெத்தை கிரீச்சிட்டது. சுவரோரப் பள்ளம் நகர்ந்தது. உள்ளே படுத்திருந்தது எதுவோ, தூக்கத்தில் புரள்கிறவரைப் போல, மெல்ல இவள் பக்கம் திரும்பியது.

அவள் எப்படிக் கீழே வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வீட்டுக்காரம்மாவின் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை மேலெல்லாம் சிந்திக் குடித்தபோதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது.

"பாத்துட்டியா?" என்றாள் வீட்டுக்காரம்மா. அதிர்ச்சி கூடப் படவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

ரொட்டிக்காரி செத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்து படுத்தவள் பகல் தூக்கத்திலேயே போய்விட்டாள். சாயங்காலம் இரவுப் பாதிக்காரி வந்து பார்த்தாள். இன்னும் தூங்குகிறாளே, இன்றைக்கு லீவு போலிருக்கிறது, எழுப்புவானேன் என்று தரையில் துணியை விரித்துப் படுத்துக்கொண்டாள். காலையில் ஓசைப்படாமல் வேலைக்குப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. ஒருத்தி தூக்கத்தை இன்னொருத்தி கெடுக்கக் கூடாது என்பதுதான் அந்த மாதிரி அறைகளில் முதல் ஒழுங்கு. மூன்றாவது நாள்தான் விஷயம் தெரிந்தது. அதற்குப்பின் பகல் பாதிக்கு வந்த ஒருத்தியும் ஒரு நாளுக்கு மேல் தங்கவில்லை.

"அவளுக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சு," என்றாள் வீட்டுக்காரம்மா. "இந்த அறையை முழுசா எழுதிக் குடுங்கன்னு என் பின்னாடியே அலைஞ்சா. சீசன் முடியட்டும் பாக்கலாம்னு சொன்னேன். நல்ல வாடகை வர்ற நேரம். நான்தான் சொன்னேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு வீட்டுக்காரம்மா, நீயும் போய்விடுவாயா என்று கேட்டாள். போக எனக்கு எந்த இடம் இருக்கிறது என்றாள் தையற்காரி. அப்படியானால் முழு அறையையும் எடுத்துக்கொள், இதே பாதி வாடகை போதும், உன் பெயரிலேயே எழுதித் தருகிறேன் என்றாள் வீட்டுக்காரம்மா.

அந்தக் காகிதம் அவ்வளவு சுலபமாகக் கைக்கு வரும் என்று தையற்காரி கனவிலும் நினைத்ததில்லை. வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

அடுத்த லீவு நாளில், வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரத்தில், அவள் படியேறிப் போனாள். கதவை அகலத் திறந்து வைத்து, வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். கட்டிலில் போர்வை மேடாக இருந்தது.

"அக்கா," என்றாள். "என் பொண்ணு வரப் போறா. அஞ்சு வயசுதான். பயந்துடுவா. நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே. இடம் குடுங்கக்கா."

போர்வை அசையவில்லை. பிறகு மெத்தையிலிருந்த பள்ளம், பிசைந்த மாவில் அழுத்திய விரல் தடம் போல, கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிச் சமமாகிவிட்டது. போர்வை தட்டையாகப் படிந்தது. அவள் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாள். அத்தனை வெயிலிலும் மெத்தை ஜில்லென்றிருந்தது.

ஒருத்தியை வீட்டை விட்டுத் துரத்திவிட்டோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. போவதற்கு இடம் இல்லாதவளை. அன்று முழுதும் அவள் சாப்பிடவில்லை.

ஊருக்குப் போய்த் திரும்பிய சமையற்காரர் ஒருவரின் குடும்பத்தோடு மகள் வந்து சேர்ந்தாள். படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தாள். அணைத்துக்கொண்டபோது உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு, பெரியம்மாவிடம் எப்போது போவோம் என்று கேட்டாள். இரவில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பழகிவிடுவாள், இத்தனை நாள் பொறுத்தோம் என்று தையற்காரி தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் விசாரித்தாள். அது விடுதிக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கானது. அவள் சம்பளத்தை அப்படியே எடுத்து வைத்தாலும் போதாது. பள்ளிக்கூடம் திறக்க இரண்டு மாதம் இருந்தது. கீழ்வீட்டில் இஸ்திரி போடுகிற பெண் பன்னிரண்டு மணிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, அவ்வப்போது எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். வேறு வழியில்லை.

மகளை விட்டுவிட்டுப் போன முதல் நாள் வேலையில் அவளுக்கு ஒரு தையலும் நேராக விழவில்லை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தாள். அழுது தொண்டை கட்டியிருக்கும் என்று பயந்திருந்தாள். இஸ்திரிக்காரி வாசலில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"உன் பொண்ணு தங்கம்தாம்மா. ஒரு சத்தம் இல்ல. மத்தியானம் போனா, நல்லா அசந்து தூங்கிட்டிருந்தா."

அறையில் மகள் கட்டிலின் நடுவில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. தலையை வாரி, இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. காலையில் இவள் அவசரத்தில் வாராமலே போயிருந்தாள்.

"யாருடா கண்ணு பின்னிவிட்டா? கீழ்வீட்டு அத்தையா?"

"இல்ல. அம்மா."

தையற்காரி குனிந்து பின்னலை முகர்ந்தாள். புளித்த மாவு வாசனை.

"எந்த அம்மா?"

"இங்க இருக்கற அம்மா. தட்டிக்குடுத்தாங்க. கை சூடா இருந்துச்சு." குழந்தை யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா என்னை வேற யாரோட பேரோ சொல்லிக் கூப்பிடறாங்க. அப்புறம் அழறாங்க."

அன்றிரவு தையற்காரி மகளை இறுக்கி அணைத்தபடி விழித்துக் கிடந்தாள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா? அனுப்பினால் இனி எந்த வருஷம் பார்ப்பது? வேறு அறை பார்க்கலாமா? எதை விற்று? வேலையை விட்டுவிட்டால் இருவரும் மறுநாள் தெருவில் நிற்க வேண்டும். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் காலையில் அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போயே ஆக வேண்டியிருந்தது. பிள்ளை பயப்படவில்லை என்பதுதான் அவளைக் கொன்றது. இத்தனை மாதமாகத் தனக்கென்று காத்து வைத்திருந்த ‘அம்மா’ என்ற அந்தச் சொல்லை, ஒரே பகலில், செத்துப்போனவள் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஆறரைக்கு வேன் வந்து கீழே ஒலி எழுப்பியது. அவள் பையை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள். மகள் தூக்கத்தில் சிணுங்கினாள். உதடு பிதுங்கியது, இதோ அழப்போகிறாள். தையற்காரி பையைப் போட்டுவிட்டு இரண்டு எட்டு திரும்பி வந்தாள்.

அதற்குள் குழந்தையின் பக்கத்தில் மெத்தை அமுங்கியது.

குழந்தையின் முதுகில் கவுன் துணி மெல்ல உள்ளே அமுங்கி எழுந்தது. மறுபடி அமுங்கியது. எழுந்தது.

யாரோ தட்டிக்கொடுத்தார்கள்.

சிணுங்கல் நின்றது. குழந்தை விரலை வாயில் வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

என் பிள்ளையை விடு என்று கத்தத்தான் தையற்காரி வாயைத் திறந்தாள். கீழே வேன் இரண்டாவது தடவை ஒலி எழுப்பியது. மூன்றாவது தடவைக்கு அது நிற்காது.

"பன்னிரண்டு மணிக்குச் சோறு வரும்க்கா," என்றாள். "மீன் குடுத்தா முள்ளை மட்டும் எடுத்துடுங்க. அவளுக்கு எடுக்கத் தெரியாது."

தட்டுவது ஒரு நொடி நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாக மறுபடி தொடங்கியது.

அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.