மாட்டுக் கொட்டகையில் பிணங்கள்

"அய்யோ... பொணம்! பொணம்!"

ராசம்மாள் போட்ட அலறலில் கறவை எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

மாட்டுக் கொட்டகைச் சுவரோரம் ஒரு வெள்ளைத் துணி. அதன் மேல் குப்புறக் கிடந்தாள் ஒரு பெண்.

அசைவே இல்லை!

ஒரு திருட்டுக் கேஸுக்குச் சாட்சி தேடி அதே தெருவில் நின்றிருந்த சப்-இன்ஸ்பெக்டர் மயில்சாமி லத்தியோடு பாய்ந்து வந்தார்.

பிணம் தலையைத் தூக்கியது.

"உஷ்... மூச்சு விடாதீங்க! பொணம் பறந்துடும்!"

"எந்தப் பொணமுங்க?" என்றார் மயில்சாமி.

"கொசுப் பொணம்!"

டாக்டர் கமலவேணி எழுந்து உட்கார்ந்தாள். ஊசி போடும் டாக்டர் அல்ல. மலேரியா எந்த ஊரில் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் விஞ்ஞானி.

"நேத்தே உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான், செத்து விழற கொசுவை எண்ணத் துணி விரிச்சேன்" என்றாள்.

"அந்த மனுசன் எதைத்தான் எங்கிட்டச் சொல்லியிருக்காரு!" என்று முணுமுணுத்தாள் ராசம்மாள்.

மயில்சாமி சிரித்தார்.

"கேஸுதான் முடிஞ்சு போச்சுங்களே, டாக்டரம்மா! கொசு மருந்தடிக்கிற மேஸ்திரி சின்னண்ணன் லாக்கப்புல. டி.டி.டி. பவுடரைச் செவுத்துல அடிக்காம சந்தையில வித்துப்போட்டான். மத்தியானம் கோர்ட்டு... சாயங்காலம் ஜெயிலு!"

"ஆதாரம்?"

"உங்க கணக்குதானுங்க!"

கமலவேணிக்கு முகம் வெளுத்தது.

கடித்த கொசு சுவரில் உட்காரும். சுவரில் மருந்து இருந்தால் செத்து விழும். காய்ச்சல் குறையும். அவள் கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனால் இந்த ஊரில் காய்ச்சல் ஏறியது! 'மருந்தே அடிக்கவில்லை' என்று மேலதிகாரி எழுதிவிட்டார்.

"அவன் திருடலைன்னா? என் கணக்கால ஒரு அப்பாவி உள்ள போறதா?"

"கணக்குப் பொய் சொல்லுங்களா?"

"சொல்லாது. போட்டவ எதையாவது விட்டிருக்கலாம்! இங்க பாருங்க... துணி பூரா கொசு செத்துக் கிடக்கு. மருந்தடிக்காத கொட்டகையில எப்படிச் சாகும்?"

மயில்சாமி லத்தியால் கொட்டகைச் சுவரைத் தட்டினார்.

"மாட்டுக் கட்டுத்தறிக்கு மட்டும் அடிச்சுப்போட்டு ஊட்டுக்கு அடிக்காம உட்டுருப்பான்!"

"வாங்க, வீட்டையும் பார்ப்போம்."

வீட்டுக்குள் சாணி மெழுகிய சுவர் பளிச்சென்று இருந்தது. அதில் கொழுத்த கொசுக்கள், மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளைகள் மாதிரி!

கமலவேணி கொண்டை ஊசியை உருவினாள். சுவரைச் சுரண்டினாள்.

"அய்யய்யோ, புது மொழுக்குங்க!" பதறினாள் ராசம்மாள்.

சாணி உதிர்ந்தது. அடியில்...

வெள்ளை வெள்ளையாய்த் திட்டு!

"மருந்து!" கத்தினார் மயில்சாமி. "ஏம்மா, இதை எதுக்கு மறைச்சே?"

"மறைக்கறதா? மாரியம்மன் கோயில் நோம்பி வந்துதுங்க. செவுரு பூரா சொறி புடிச்சாப்பல திட்டு! வெளியூர்ல இருந்து ஒறம்பரை சனம் வந்தா சிரிக்கமாட்டாங்களா? ஊரே மொழுகுச்சுங்க."

"அப்புறம் கொட்டகையை ஏன் மெழுகலை?" என்றாள் கமலவேணி.

"அங்க எந்த ஒறம்பரைங்க வந்து படுக்கறாங்க... உங்களைத் தவுர!"

கமலவேணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் கணக்குல மழை இருக்கு, ரத்தம் இருக்கு, கொசுவோட ஆயுசு இருக்கு... நோம்பி இல்ல!"

ஜீப் பறந்தது.

ஸ்டேஷனில் மயில்சாமி லாக்கப் பூட்டைத் திறந்தார்.

"வெளிய வாடா சின்னண்ணா! கோர்ட்டும் இல்ல, ஜெயிலும் இல்ல. நீ அடிச்ச மருந்து மேல பொம்பளைக மொழுகிப்போட்டாங்க!"

சின்னண்ணன் எழுந்திருக்கவில்லை.

"தெரியுமுங்க..."

"என்னது!"

"மொதல்ல மொழுகுனவளே எம்பட பொண்டாட்டி வசந்தாமணிதானுங்க. நான் மருந்தடிச்சுப்போட்டு அடுத்த தெருவுக்குப் போறதுக்குள்ள சாணியக் கரைச்சுட்டா. அவளப் பாத்துத்தான் ஊரே மொழுகுச்சு!"

கமலவேணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஜெயிலுக்கே போக இருந்தியே... இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"அவளக் காட்டிக்குடுத்துப்போட்டு, அவகிட்டத்தானுங்களே ஊட்டுக்குப் போவோணும்?"

சின்னண்ணன் லாக்கப் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இங்க கொசு மட்டுந்தானுங்க கடிக்குது!"