தொட்டிக்கு வந்த மட்டி

"புருசனையும் கொன்னுட்டு, எங்க அண்ணனைக் கொலைகாரன்னு சொல்லுதாங்க சார்!"

துப்பறிவாளர் தேவப்பிரியத்தின் இராயபுரத்து மேசையை ஓங்கி அறைந்தாள் சுகிர்தம். அவள் கணவன் லூயிஸ் தூத்துக்குடியில் சங்கு குளித்தவன். எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்கு மோட்டார் வைத்துக் கடல்நீர் இழுக்கும் சுரங்கத்தின் வாயில் ஒட்டியிருந்த மட்டிச் சிப்பிகளை உளியால் சுரண்ட, முந்தின நாள் முதன்முறையாக முங்கினான். பிணமாகத்தான் வந்தான். கரைக்கல்லில் நின்று லூயிசைக் கட்டிய கயிற்றைப் பிடித்த அவள் அண்ணன் தவசிமுத்து, அதை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனானாம். காண்டிராக்டர் கிருஷ்ணப்பன் சொன்னதை நம்பிப் போலீஸ் அவனை அடைத்துவிட்டது. பணக்காரன் வாயைத் திறந்தால் போதாதா!

"உள்ள மோட்டார் ஓடிச்சுன்னு அண்ணன் கத்துதான். ஒருத்தன் காதுலயும் ஏறலை."

தேவப்பிரியம் முதலில் லாக்கப்புக்குப் போய்த் தவசிமுத்துவின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்து கிடந்தது. பிறகு இன்ஸ்பெக்டரையும் சுகிர்தத்தையும் அழைத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார்.

கிருஷ்ணப்பன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "அவன் முங்குறதுக்கு முன்னாடியே மோட்டாரை நிறுத்தியாச்சு. இன்னும் போடவேயில்லை."

தேவப்பிரியத்தின் உதவியாளன் ஷாகுல் ஹமீது, சுரங்கத்தின் மறுமுனையில் இருந்த தண்ணீர்த் தொட்டியருகிலிருந்து கத்தினான். "சார், இங்க பாருங்கோ! கம்பி வலை பூரா மட்டி கீது. உளி பட்ட மட்டி! இன்னும் உசுரோட வாயத் தொறந்து மூடிகினு கீது!"

தேவப்பிரியம் ஒன்றைக் கையில் எடுத்தார். "இது கடல் பக்கத்து வாயில் லூயிஸ் சுரண்டியது. மோட்டார் இழுக்காமல் சுரங்கத்தைக் கடந்து இங்கே எப்படி வந்தது? நடந்தா?"

கிருஷ்ணப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"இன்னொன்றும் கேளும். சங்கு குளிப்பவன் மனைவியின் அண்ணன் தம்பியிடம்தான் கயிற்றைக் கொடுப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. தவசிமுத்து நுனியைத் தன் இடுப்பில் கட்டியிருந்தான். கயிறு கல்லில் உரசி அறுகிறவரை அவனையும் சேர்த்து இழுத்திருக்கிறது உம் மோட்டார். இது தெரியாமல், கையை விட்டான் என்று கதை கட்டினீர்!" எப்போதும் நிதானமான அவர் குரல் நடுங்கியது. அவ்வளவு கோபம்.

"மெஷினைக் குளிர வைக்கத் தண்ணி குறைஞ்சு போச்சுங்க," என்று முனகினார் கிருஷ்ணப்பன். "கொஞ்ச நேரம்தான் போட்டேன்..."

"தவசிமுத்துவை வெளியே விடுங்கள், இன்ஸ்பெக்டர். அந்த இடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது."

சுகிர்தம் கிருஷ்ணப்பனின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"எம் புருசன்கிட்ட மூச்சும் கொஞ்ச நேரத்துக்குத்தாம்லே இருந்துச்சு!"