ஒரு ஜாண் கட்டில்

விரிப்பு மறுபடியும் சரிந்திருந்தது. காலையில்தான் ஸ்வர்ணலதா நான்கு மூலையையும் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிட்டுப் போனாள். மத்தியானம் வந்து பார்த்தால் ஜன்னல் பக்கத்து ஓரம் மட்டும் உருவிக்கொண்டு, சுருக்கம் சுருக்கமாகத் தரைவரைக்கும் இழுபட்டுக் கிடந்தது. மாமனார் போன பிறகு அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். திருப்பதியில், நாலாவது மாடியில், ஜன்னலெல்லாம் சாத்திய வீட்டில் எலி. சொல்லிக்கொண்டாளே தவிர நம்பவில்லை.

வீடு அவள் கணவன் வேணுவின் ஆசைப்படி செய்தது. சத்தியவேட்டுப் பக்கம் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் படிப்பு அவன்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறு வருவான். உள்வேலைக்கு என்று அவன் பிடித்துவந்த பிரேமலதா என்ற டிசைனர், கண்ணை உறுத்துகிற சாமான் ஒன்றுகூட வெளியே தெரியக்கூடாது என்றாள். தெரியவில்லைதான். சோபாவுக்குக் கால் கிடையாது, அலமாரிக்குக் கைப்பிடி கிடையாது, எல்லாம் சுவரோடு சுவராக ஒரே வெள்ளை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, சாமானெல்லாம் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

மாமனார் கோவர்த்தனனுக்கும் அதே மாதிரி ஒரு கட்டில். காலில்லாத பலகைக் கட்டில், தரையிலிருந்து ஒரே ஒரு ஜாண் உயரம். தரையோடு திருகாணி போட்டு முடுக்கி, தலைமாட்டைச் சுவரோடு ஒட்டியாகிவிட்டது. கிழவர் அதில் படுத்தால்தானே! மகன் ஊரில் இல்லாத நாட்களில் போர்வையை மடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் தரையில் நீட்டிவிடுவார். வேணுவுக்குத் தெரிந்துவிட்டால் போனிலேயே சத்தம் போடுவான். ஊரார் களத்தில் படுத்தது போதாதா, இன்னுமா தரை என்பான். அவன் கோபத்தில் பாதி அழுகை இருக்கும். அதனால் அவளும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

கிழவருக்கு மூச்சு இழுத்த அன்று ஊரிலிருந்து அவருடைய அக்கா பொன்னியம்மா வந்திருந்தாள். உயிர் பிரியும் முன் ஆளைக் கட்டிலிலிருந்து தரையில் இறக்கிவிட வேண்டும், கட்டிலில் போன உயிர் கட்டிலை விட்டு நகராது என்பது அவர்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேரமாவுது, எறக்குங்கடா என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வேணு குறுக்கே நின்றான்.

"ஆயுசு பூரா எங்க நைனா மண்ணுலதான் கெடந்தாரு. சாவும்போதும் அங்கியேவா? இதுவும் தரைதான் அத்தே. ஒரு ஜாணு. அவ்ளோதான்."

கிழவருக்கு நாக்கு எழவில்லை. கண் மட்டும் ஜன்னல் ஓரத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியே போய்விட்டார்.

செத்தவர் கட்டிலை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று பொன்னியம்மா சொல்லிவிட்டுப் போனாள். ரேணிகுண்டாவிலிருந்து வந்த தச்சர் குனிந்து பார்த்துவிட்டு, பெயர்த்தால் தரையும் சுவரும் சேர்ந்து வரும் என்று கையை விரித்தார். வேணுவுக்கு அதில் நிம்மதிதான். அந்த அறை இனிமேல் மகள் சுமித்ராவுக்கு என்றான். ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளை தனியாகப் படுத்துப் பழகட்டும் என்றான். ஸ்வர்ணலதா ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொன்னாள். சளி என்றாள், கனவு கண்டு பயப்படுகிறாள் என்றாள். கட்டில் கிடந்துவிட்டுப் போகட்டும். தன் பிள்ளை அதில் படுக்கக்கூடாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

புயல் மழைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட அன்று மத்தியானமே கரண்ட் போய்விட்டது. சாயங்காலத்துக்குள் வீடு முழுக்க இருட்டு கட்டிக்கொண்டது. மலை இருக்கிற திசையில் வெறும் சாம்பல் நிறம். சுமித்ரா கூடத்தில் குப்புறப்படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஸ்வர்ணலதா அடுப்படியில் பாலைக் காய்ச்சிக்கொண்டு, மழை கம்பியில் அடிக்கிற சத்தத்தையும், தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீரின் சத்தத்தையும், மாடிப்படியில் யாரோ செருப்பை உதறுகிற சத்தத்தையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இது எதிலும் சேராத சத்தம் ஒன்று நடுவில் வந்தது. இழுப்பு. நிறுத்தம். மறுபடி இழுப்பு. ஈரத்தரையில் சாக்கு மூட்டையை நகர்த்துகிற மாதிரி.

அடுப்பை அணைத்தாள்.

அறைக்கதவு திறந்திருந்தது. அவள் சாத்தி வைத்த கதவு. உள்ளே அந்தக் கடைசி நாட்களின் வாடை. தைலமும், மூத்திரமும், முதுகுப் புண்ணுக்குப் போட்ட பவுடரும். பினாயில் போட்டுக் கழுவிக் கழுவிப் போக்கிய வாடை. ஜன்னல் வெளிச்சத்தில் கட்டில் ஒரு வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. விரிப்புக்குக் கீழே ஏதோ நீளமாகக் கிடந்தது.

"எறக்கும்மா."

அவர் குரல்தான். நாக்கு எழாமல் போன மனிதரின் குரல்.

ஓடத்தான் நினைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மழையோடு மழையாக. ஓடி என்ன செய்வது? திரும்பி இந்த வீட்டுக்குத்தானே வரவேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வேணு பிள்ளையை இதில் படுக்கவைப்பான். அவர் போன அன்றைக்கு அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது இல்லை. பாவம், அவர் கேட்பது தரை. வேறு என்ன?

மண்டியிட்டாள். விரிப்போடு சேர்த்து இரண்டு கையையும் அடியில் கொடுத்தாள்.

கனம் இருந்தது. எலும்பு இருந்தது. சூடு இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. தன் பக்கம் இழுத்து, சரித்து, தரையில் வைத்தாள். காதுக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது. கையில் கனம் இல்லை. விரிப்பு தரையில் தட்டையாகப் படிந்தது. வாடையும் போய்விட்டது. மழை மண்ணின் வாசனை மட்டும்.

"போயிடுங்க மாமா," என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை நாள் பயமும் அதில் கரைந்து இறங்கியது. அழுதுகொண்டே கொஞ்சம் சிரிக்கக்கூடச் சிரித்தாள். சுமித்ராவைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல் இருந்தது. கூடத்துப் பக்கம் திரும்பிப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"அம்மா."

பதில் கூடத்திலிருந்து வரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கட்டிலிலிருந்து.

திரும்பினாள். விரிப்பில்லாத மெத்தையின் நடுவில் சுமித்ரா மல்லாந்து படுத்திருந்தாள். கால் இரண்டும் சேர்ந்து, நேராக. வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு இழுத்தது. நின்றது. இழுத்தது.

"எறக்கும்மா."

பிள்ளையின் குரல். பயந்த குரல்.

அள்ளினாள். வரவில்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தாள். நேற்றுவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய பிள்ளை. அசையவில்லை. காலைக் கட்டிலின் ஓரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தாள். நகம் பிய்ந்தது. ஒரு விரற்கடை நகரவில்லை. கத்தினாள். மழை கத்தியது.

இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே இடைவெளி நீண்டது.

சுமித்ராவின் கை மட்டும், மணிக்கட்டு வரைக்கும், மெத்தை ஓரத்தில் தொங்கியது. விரல்கள் கீழே தரையைத் தேடித் துழாவின. ஒரு ஜாண். அந்தச் சின்னக் கைக்கு அது எட்டவில்லை.