நேராகப் பார்க்காதவள்

"யாருக்குங்க இந்தக் கவுண்டர்? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

தச்சன் நிமிர்ந்தான். குரல் வந்தது, ஆளைக் காணோம். தான் செய்த புதுக் கவுண்டருக்கு மேலாக எட்டிப் பார்த்தான்... அந்தப் பக்கம், கறுப்புக் கண்ணாடி அணிந்த குட்டையான பெண் ஒருத்தி, இடுப்பில் கை வைத்து நின்றாள். அந்தப் பல் மருத்துவமனையின் வரவேற்பாளர்.

"எல்லா ஆபீசுக்கும் இதே உயரம்தாங்க."

"எல்லா ஆபீசுலயும் நான் உக்காரலையே! மேல ஒட்டின மைக்கா வேற பளபளன்னு... கண்ணு கூசுது."

இடத்தை இரண்டு முறை அளந்தவன், அங்கே உட்காரப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

மறுநாளே கவுண்டரை அறுத்துக் குறைத்தான். மைக்காவை உரித்துவிட்டு மங்கலான சாம்பல் நிறத்தில் ஒட்டினான். அதோடு விட்டிருக்கலாம்... விடவில்லை. இழுப்பறை சிக்குகிறதா, கீல் முனகுகிறதா என்று சாக்கு சொல்லி வந்துகொண்டே இருந்தான். அவள் சிரிப்பாள், வம்புக்கு இழுப்பாள். ஆனால் அவன் காதைத் தாண்டிச் சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள். எவ்வளவு திமிர்!

மழை கொட்டிய ஒரு மாலை, நோயாளிகள் யாரும் வரவில்லை. கேட்டேவிட்டான்.

"சுவரோடதான் பேசுவீங்களா? என்னைப் பார்த்தா ஆளாத் தெரியலையா?"

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். பெரிய, ஈரமான கண்கள்.

"நேராப் பார்த்தா நீங்க தெரிய மாட்டீங்க. நடுவுல ஒரே புகைமூட்டம். ஓரத்துலதான் பார்வை. சுவரைப் பார்த்தாதான் உங்க முகம் தெரியும்... இவ்வளவு நாளும் உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

சொன்ன பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கன்னம் சூடானது. சட்டென்று குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"இது பரம்பரையா வர்ற நோய். ரொம்ப அபூர்வம். எலும்பு சரியா வளராது, விழித்திரையும் தேஞ்சுக்கிட்டே போகும். ஒருநாள் இந்த ஓரமும் போயிடலாம். எங்க அக்காவுக்கும் இதேதான். அவ மேல உயிரா இருந்தவன், விஷயம் தெரிஞ்சதும் காணாமப் போயிட்டான். பாவம்னு வர்றதா இருந்தா, நீங்க இப்பவே கிளம்பிடுங்க."

"பாவமா?" அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "முதல் நாளே என் வேலையைக் கிழிகிழின்னு கிழிச்ச ஆளு மேல எனக்கென்னங்க பாவம்? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

அவள் கழற்றிய கண்ணாடியை மேசையில் வைத்தாள்.

அவன் ஒரு ஸ்டூலை இழுத்து, அவளுக்குப் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்தான்.

அவள் நேரே வாசலைப் பார்த்தாள். மழை தெரியவில்லை. பக்கத்தில் அவன் முகம் தெரிந்தது... பதில் கேட்டுத் தவிக்கும் முகம்.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு," என்றாள். "இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க."