கூரைப்புடவைத் துண்டு

பனிப்பாளத்தின் அடியிலிருந்து அரை முழம் நீட்டிக்கொண்டிருந்த அந்த அரக்குத் துணி கமலவேணியின் கூரைப்புடவைதான். ஜரிகை கறுத்துப் போயிருந்தது. ஆனால் துணி நனையவே இல்லை.

அவள் அழவில்லை. அழுகை வர வேண்டிய இடமும் கால் விரல்களோடு சேர்ந்து மரத்துக் கிடந்தது. எதிர்ப்பாறையில் அருவி ஓயாமல் கொட்ட, கீழே ஏரி பச்சையாய் அசையாமல் கிடக்க, ஈரக்கல் வாடையும் உள்ளுக்குள் எங்கோ பனி முறியும் சத்தமுமாக இருந்த அந்த இடத்தில் உடையார்பாளையத்து மனுஷிக்கு என்ன வேலை? எல்லாம் ஊர் செய்த வேலை. மஞ்சள் குங்குமத்துக்கு இவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று மூன்று வருஷமாக அவள் தாலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் அவள் புருஷன் சிவசுப்பிரமணியன் தம்பியோடு கங்கை பிறக்கும் இடத்துக்குக் கிளம்பினார். அங்கே தம்பதியாகத் துணியை முடிந்துகொண்டு முழுக வேண்டும். இவளோ குளிருக்குப் பயந்தவள். கூரைப்புடவையில் ஒரு துண்டு கிழித்து, "எனக்குப் பதிலா இதை முடிஞ்சுக்குங்க" என்று கொடுத்தனுப்பிவிட்டாள். இடது கையால் அதை வேட்டியில் முடிந்து முழுகியவர்மேல் பனி இடிந்து விழுந்தது. தம்பி வேணுகோபால் மட்டும் ஊர் திரும்பினான். உடம்பைப் பார்க்காமல் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று இவள் சாதித்துவிட்டாள். அந்த உடம்பைத் தேடித்தான் இப்போது கொழுந்தனோடு இங்கே வந்திருந்தாள்.

"வருஷா வருஷம் பனி உருகிப் பின்னால போவுது அண்ணி. அண்ணன் இந்நேரம் வெளிய வந்திருப்பாருன்னு நெனச்சேன்" என்றான் வேணுகோபால்.

"துணி வந்திருக்கே, தம்பி."

குனிந்து பிடித்து இழுத்தாள். வரவில்லை. கையை விட்டாள்.

துணி ஒரு விரற்கடை உள்ளே போயிற்று.

கண் மயக்கமாக இருக்கும். நிமிர்ந்து அருவியைப் பார்த்தாள். கொட்டிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் இல்லை.

"வாங்க அண்ணி, போயிடலாம்."

திரும்பி ஓர் அடி வைத்தாள். முந்தானை எதிலோ மாட்டியது. கல்லாக இருக்கும்.

கல் இல்லை. அவள் முந்தானை நுனியோடு அந்தத் துண்டு முடியப்பட்டிருந்தது. முடிச்சு மறுபக்கமாக விழுந்திருந்தது. இடது கைக்காரர் போடும் முடிச்சு.

வேணுகோபால் பல்லால் கடித்து அவிழ்க்கப் பார்த்தான். உதடு கிழிந்தது. முடிச்சு இன்னும் இறுகியது.

அவளுக்குப் பயம்கூட வரவில்லை. தாலியைக் கழற்ற வேண்டியதில்லை என்பது மட்டும் புரிந்தது.

பனி இன்னும் ஒரு விரற்கடை பின்னால் போயிற்று. துணியும் போயிற்று. கமலவேணியின் வெறுங்கால்கள் சரளையில் இரண்டு கோடு கிழித்தன.